நிரோஜினிக்காக நான் எழுதிய கடிதம்

நிரோஜினிக்குக் கிடைக்கவிருந்த புலமைப்பரிசிலைக் கெடுத்தது நான்தான்.

போட்டி கடுமையாக இருந்ததால் அது அவளுக்குக் கிடைக்காமல் போகவில்லை. அவளுடைய தகப்பன் நம்புவது போலத் தலைவிதியாலும் இல்லை. அவளுடைய மேற்பார்வையாளராகிய நான், ஒரு பிற்பகலில், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தட்டச்சு செய்த ஒரு கடிதத்தால்தான் அது போனது.

இதை இத்தனை ஆண்டுகளாக என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்ற தைரியமாக இருக்கலாம். அல்லது அறிவீர்களோ... எங்கள் வளாகத்தில் பட்டப்பின் படிப்புக்கு வந்தவராக இருந்தால், நான் நடத்தும் செயலமர்வில் ஒருமுறையாவது உட்கார்ந்திருப்பீர்கள். எந்த நாட்டில் என்ன உதவித்தொகை இருக்கிறது, எங்கே பயிற்சிக்கு அழைக்கிறார்கள், விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுப்பவள் நான். அந்தப் பொறுப்பில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

நிரோஜினி, வாவிக்கு அக்கரையில் இருக்கும் மண்டூர்ப் பிள்ளை. தகப்பன், கடலோடு சேரும் அந்த வாவியில் தோணி வைத்து இறால் பிடிப்பவர். பட்டப்படிப்பை முதல் வகுப்பில் முடித்தவுடன், என்னுடைய ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். அதே வேலையைக்கொண்டு முதுதத்துவமாணி என்ற ஆய்வுப் பட்டத்துக்கும் பதிவு செய்தாள். மழைக்காலத்தில் வாவியின் உப்பு எப்படி மாறுகிறது, அதனால் இறால் குஞ்சுகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு.

போத்தல்களில் பேனாவால் எழுதிய இலக்கங்கள் தண்ணீரில் அழிந்துபோகின்றன என்று முதல் கிழமையிலேயே கண்டுபிடித்து, நகப்பூச்சால் எழுதத் தொடங்கியவள் அவள். ஆய்வுகூடம் முழுக்கச் சிவப்பு இலக்கங்கள்... ஒருநாள் தோணியில் இருந்தபடியே உப்பை அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டு, "மிஸ், மீற்றர் பொய் சொல்லுது" என்றாள்.

"அது எப்படிப் பொய் சொல்லும்?"

"இவ்வளவு நல்ல தண்ணியெண்டா இந்த இறால் இஞ்ச நிக்காது. எங்கயோ பிழை இரிக்கு."

திரும்பி வந்து கருவியைச் சோதித்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஒரு கிழமையாக நாங்கள் எடுத்த அளவுகள் எல்லாம் பிழை. நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் எழுதிய கடிதத்தின் பொருள் உங்களுக்குச் சரியாக விளங்க வேண்டும் என்பதற்காக.

அடுத்த ஆண்டு ஓர் அழைப்பு வந்தது. வட ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடம். ஓராண்டுப் பயிற்சி, விமானச் செலவு, தங்குமிடம், மாதப்படி. நன்றாகச் செய்தால் அங்கேயே கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடரலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று வருவதே அபூர்வம். நான்தான் அதை அச்செடுத்து அறிவித்தல் பலகையில் குத்தினேன். நான்தான் அவளைக் கூப்பிட்டு, "விண்ணப்பம் போடு நிரோ" என்றேன்.

அப்போது என் மனத்தில் கள்ளம் இருக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொல்கிறேன். அவளுடைய விண்ணப்பத்தை வரிக்கு வரி திருத்திக்கொடுத்தேன். அவள் எழுத, நான் வெட்ட, அவள் மறுபடி எழுத... ஒரு மாதம் அப்படிப் போனது. கடைசிச் சுற்றுக்கு இரண்டே பேர் தெரிவானார்கள். அதில் ஒருத்தி நிரோஜினி.

அதன் பிறகுதான் என்னிடம் இரகசியமாக ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள்.

அதே கிழமையில், எங்கள் திட்டத்துக்கு நிதி தருபவர்களிடமிருந்தும் ஒரு மின்னஞ்சல் வந்தது. வரும் மாரிகாலத்தின் அளவுகளும் முழுமையாக இருந்தால்தான் திட்டத்தை நீடிப்பார்கள். திட்டத்தில் இருந்த இன்னோர் உதவியாளர் அப்போதுதான் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போயிருந்தார். வாவியைத் தெரிந்தவள் நிரோஜினி ஒருத்திதான். அவள் போனால் திட்டம் நிற்கும். என்னுடைய பதவி உயர்வும் அதோடு நிற்கும்.

காரணம் அது மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு பல ஆண்டுகள் இருந்தேன். அதுவும் பொய்.

நான் படித்த காலத்தில் எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. போரால் பாதைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம். அம்மா வாதத்தில் விழுந்து பாயோடு கிடந்தார். அழைப்பு வந்ததை வீட்டில் சொல்லவே இல்லை. வரமுடியாது என்று நானே பதில் எழுதி, களுவாஞ்சிகுடித் தபாற்கந்தோரில் போட்டுவிட்டு வந்தேன். அதை நான் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் நிரோஜினி வந்து கேட்டாள்:

"மிஸ், அங்க பனி கொட்டுமாம். சப்பாத்து இஞ்ச வாங்கிறதா, இல்லாட்டி அங்க போய் வாங்கிறதா?"

அவள் கண்களில் இருந்த வெளிச்சம்... எனக்கு உள்ளே ஏதோ கசந்தது. இருபத்தைந்து வயதில் நான் யாரிடமும் கேட்கமுடியாமல் போன கேள்வி அது. அவளுடைய சந்தோசத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓர் ஆசிரியை இப்படி உணரலாமா? உணர்ந்தேன். அன்று பிற்பகலே கடிதத்தை எழுதினேன்.

அதில் ஒரு வசைச்சொல் கிடையாது. உழைப்பாளி என்று எழுதினேன். களவேலையில் மிகத் திறமையானவர் என்று எழுதினேன். பிறகு, "தனித்து ஆய்வு செய்யும் பக்குவம் இன்னும் முழுமையாக வரவில்லை. என் மேற்பார்வையில் மேலும் ஓராண்டு இருந்துவிட்டு வந்தால் உங்களுக்கும் பயன், அவருக்கும் பயன்" என்று முடித்தேன்.

என்னுடைய கருவியின் பிழையைக் கண்டுபிடித்தவளைப் பற்றி!

இப்படிப்பட்ட கடிதங்களை எழுதியவர்களுக்குத் தெரியும், ஒருவரை நிறுத்துவதற்கு அவரைத் திட்டவேண்டிய அவசியம் இல்லை. மெல்லிய குரலில் ஒரு "ஆனால்" போட்டாலே போதும்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. அவள் அறைக்குள் வந்து நின்றுகொண்டே சொன்னாள்.

"கிடைக்கல்ல மிஸ்."

"என்ன காரணமெண்டு சொன்னாங்களா?"

என் குரல் எவ்வளவு இயல்பாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"போட்டியாம் மிஸ். பரவாயில்ல."

"அடுத்த வருசம் கட்டாயம் கிடைக்கும் நிரோ."

"ஓம் மிஸ்."

அவள் அன்றைக்கே போத்தல்களை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போனாள்.

அந்த மாரி முழுக்க வேலை செய்தாள். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்மேட்டை வெட்டிவிட்ட நாளில், வெள்ளம் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தபோதும், நனைந்து வந்து மாதிரிகளை வரிசையாக அடுக்கினாள். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று, அளவெடுக்கத் தகப்பன் என்னைத் தோணியில் ஏற்றிப் போனார். துடுப்பு வலித்தபடியே சொன்னார்:

"அந்த வெளிநாட்டுக் கதை இல்லாமப் போன நேரம் ஒரு கிழமையா அவள் சோறு தின்னல்ல மிஸ். போகாதது நல்லதெண்டுதான் நான் நினைச்சன், ஒத்தப் பொம்புளப் புள்ள. ஆனா அவட மூஞ்சப் பாக்க ஏலாமக் கிடந்திச்சு."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவலை என்று எடுத்துக்கொண்டார்.

திட்டம் நீடிக்கப்பட்டது. கட்டுரை வெளிவந்தது, முதலாவது பெயர் என்னுடையது. பதவி உயர்வும் வந்தது. அடுத்த ஆண்டு அந்த ஆய்வுகூடம் எங்கள் நாட்டிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டும் இல்லை. நிரோஜினி தன் ஆய்வேட்டை முடித்தாள். அதன் நன்றியுரையில் ஒரு முழுப்பக்கம் எனக்கு. நான் அவளுக்குத் தந்த ஊக்கத்தைப் பற்றி, என் பெருந்தன்மையைப் பற்றி... அந்தப் பக்கத்தை நான் ஒருமுறைதான் வாசித்தேன்.

பிறகு அவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போனாள். கண்ணில் பட்ட புலமைப்பரிசில் அறிவித்தல்களை எல்லாம் அவளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். அதைப் பிராயச்சித்தம் என்று நினைத்தேனா? ஒவ்வொன்றுக்கும் "நன்றி மிஸ்" என்று பதில் வரும். ஒன்றுக்குக்கூட அவள் விண்ணப்பிக்கவில்லை.

இந்த ஆண்டுச் செயலமர்வில், சிபாரிசுக் கடிதங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவர் கேட்டார்:

"மிஸ், அவங்க எங்களப் பத்தி நல்லாத்தான் எழுதினாங்களா எண்டு நாங்க எப்படி அறியிற?"

"அறிய ஏலாது. நம்ப வேண்டியதுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் தொடர முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை குருமண்வெளிக்குப் போய், வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் படகுப்பாதையில் ஏறினேன். மண்டூரில் இறங்கி அவள் வீட்டை அடையும்வரை சொல்லவேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். அவள் மேசையில் பரீட்சைத் தாள்கள் பரவிக் கிடந்தன. என்னைக் கண்டதும் எழும்பி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள்.

சொன்னேன். கடிதத்தில் இருந்ததை வார்த்தை விடாமல் சொன்னேன். திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். என் பொறாமையையும் சொன்னேன்.

அவள் தாள்களை ஒன்றாக்கி ஓரம் தட்டி அடுக்கினாள்.

"தெரியும் மிஸ்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அங்க பொறுப்பா இருந்த அம்மா எனக்குத் தனியா ஒரு மெயில் போட்டிருந்தா. என்ட மனம் நோகக்கூடாதெண்டு. 'உங்கட மேற்பார்வையாளர் இன்னும் ஒரு வருசம் தன்னோட வச்சிருக்க விரும்புறா, மறுகா அடுத்த முறை போடுங்க' எண்டு. உங்களிட்ட வந்து கிடைக்கல்ல எண்டு சொன்னனே, அதுக்கு முதல் நாள்."

"அப்ப ஏன் நிரோ என்னிட்டக் கேக்கல்ல?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆய்வேட்டுக்கு உங்கட கையெழுத்து வேணும். வேலைக்குப் போனாலும் உங்களிட்டத்தான் கேப்பாங்க. நான் என்னத்தக் கேக்கிற மிஸ்? அந்த நன்றிப் பக்கத்த எழுத எனக்கு மூண்டு நாள் பிடிச்சிது. உங்களுக்குச் சந்தேகம் வந்திரப்போகுதெண்டு அவ்வளவு நீளமா எழுதினன்."

நான் அதுவரை என் குற்றம் ஒரு கடிதம் என்றுதான் எண்ணியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளின் ஒவ்வொரு "ஓம் மிஸ்"ஸும், ஒவ்வொரு "நன்றி மிஸ்"ஸும் பயத்தில் அவள் கட்டிய வரி என்பது அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் தெரிந்தது... மன்னித்துவிடு என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல வருகுதில்ல மிஸ்" என்றாள். கோபம் இல்லை. தேடிப் பார்த்து இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

நான் எழும்பியபோது வாசல்வரை வந்தாள்.

"ஒண்டு கேக்கட்டா? என்னட்டப் படிச்ச புள்ள ஒண்டு, துஷ்யந்தி எண்டு, உங்கட துறையில கடைசி வருசம். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போடப்போறாவாம். உங்களிட்டத்தான் கடிதம் கேக்கப்போறா. நீங்க எழுத வேணாம் மிஸ். வேற ஆரையாவது எழுதச் சொல்லுங்க."

ஓம் என்றேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு துஷ்யந்தி வந்தாள். மெலிந்த, துருதுருவென்ற பிள்ளை. துறையிலேயே நல்ல பெறுபேறுகள். கையில் விண்ணப்பப் படிவம். என்னால் எழுத முடியாது, அடுத்த அறையில் இருக்கும் விரிவுரையாளரிடம் கேளுங்கள் என்றேன். அவள் முகம் சட்டென்று சுண்டிப்போனது.

"நான் ஏதும் பிழை விட்டுட்டனா மிஸ்?"

"இல்ல. நீங்க ஒரு பிழையும் விடல்ல."

"அப்ப ஏன் மிஸ்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும், அந்தப் பிள்ளையின் மனம் ஆறியிருக்கும். எனக்கு என் பதவி, என் பெயர்... கடிகாரத்தைப் பார்ப்பது போலப் பாவனை செய்தேன். அவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நன்றி மிஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.