ஒன்பதுக்கு ஏறி, பதினொன்றுக்கு இறங்கியவர்

போன மாதம் பேத்தி லண்டனுக்கு விமானம் ஏறினாள். பாரோய் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் மகன் கைப்பேசியில் விமானம் போகும் வழியைக் காட்டி, "பதினாலு மணி நேரம்மா, ஆனா அங்க எறங்குறப்ப..." என்று ஆரம்பித்தான். போதும் என்றேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது வயதிலேயே கற்றுக்கொண்டேன்.

அப்போது தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஊரில் அப்பாவைப் பெற்றவள் சாகக் கிடப்பதாகச் சேதி வந்தது. கப்பலில் போனால் ஒரு வாரம், முகம் பார்க்க முடியாது. அதனால் கோலாலம்பூரிலிருந்து மெட்ராசுக்கு விமானத்தில் போவது என்று ஆனது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் முதன்முதலில் ஆகாயத்தில் ஏறியவர் என் அப்பாதான். அதை இன்றும் சொல்லிக்கொள்வேன். ஆயிரத்து அறுநூறு மைல், நாலு மணி நேரம் என்று தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சொன்னதை நான் வீடு வீடாகப் போய் ஒப்பித்தேன்.

காலை ஒன்பது மணிக்கு விமானம். அன்று அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போதும் அண்ணாந்தே இருந்தாளாம். மறுநாள், பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி வந்து தந்தியைப் படித்துவிட்டுப் போனார். காலை பதினொரு மணிக்கு அப்பா நல்லபடியாக வந்து இறங்கிவிட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் விரலை மடக்கினாள்.

"ஒம்பதுக்கு ஏறுனா ஒரு மணிக்குத்தானே எறங்கணும்? ரெண்டு மணி நேரத்துல எங்க எறங்குனாரு? பாதி வழியில கடல்தானே இருக்கு?"

பால் வாளியை யாரும் நகர்த்தவில்லை. அப்பாவின் தங்கையான அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்கு மணி என்றால் ஒரே மணிதான். விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் சேர்க்க, தண்டவாளத் துண்டில் அடிக்கிற மணி. அது ஊருக்கு ஊர் மாறும் என்று யார் கண்டது?

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். பிடித்த இடம் வலித்தது. கிராணி கேட்டுவிட்டுச் சிரித்தார். அங்கே பொழுது விடிவதே நமக்கு இரண்டு மணி நேரம் பிந்தித்தான், இங்கே ஒரு மணி என்றால் அங்கே பதினொன்று என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கும் விளங்கியது. ஆனால் பிடி தளரவில்லை.

"அப்ப அங்கேருந்து இங்க வர எத்தனை மணி நேரங்க?"

கிராணியின் சிரிப்பு நின்றது. "வழி அதேதான்மா" என்றார், மேசையில் எதையோ தேடிக்கொண்டு.

இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. போகவும் நாலு, வரவும் நாலு என்று வழியெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். அவள் ம் கொட்டிக்கொண்டே வந்தாள்.

அப்பா வந்து சேர இரண்டு தீபாவளி ஆனது. அம்மாவின் அடையாள அட்டை நீலம், அப்பாவுடையது சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர் குடியுரிமை இல்லாதவர். வெளியே போனால், திரும்பி நுழைய அனுமதிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். நானோ சிவப்புதான் அழகு, அதனால்தான் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.