பெருங்காயம் விளையும் மலை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் ஆரியசாலைக் கடைத்தெருவில் பெருங்காய வியாபாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருங்காயம் ஆலமரம் மாதிரிப் பெரிய மரத்தில் வடியும் பால் என்று முப்பது வருடம் எல்லாரிடமும் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

ஓணத்துக்குக் கடை அடைத்த வாரம், பொழுது போகாமல் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்திய பெண் பெருங்காயத்தைத் தேடிக் கொடுத்தாள். படம் திரையில் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் வானம், பிறகு வறண்ட மலை, அப்புறம் மஞ்சள் பூ.

"அண்ணாச்சி, இது செடியல்லே? நீங்க சொன்ன மரம் எவிடே?" என்று சிரித்தாள்.

தினமும் போய் அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சாரல் விழுந்தது. நானோ காய்ந்த காற்றில், பூக்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். முப்பது வருடப் பேச்சை மாற்றுவதா, வாயை மூடிக்கொள்வதா என்றும் யோசனை.

கடை திறந்ததும் முதலில் வந்தவர் எங்கள் ஊர்க்காரர், பழவங்காடியில் ஹோட்டல் வைத்திருப்பவர்.

"பெருங்காயம் மரமில்லவே, செடி. மஞ்சளாப் பூக்கும்" என்றேன்.

"மரம்னுதானவே சொல்லுவீரு? எப்பம் போய்ப் பாத்தீரு?"

"ஓண லீவுலதான்" என்றேன்.