மூன்று தட்டுக்குப் பிறகும் ஒல்லி

ஹெனெலி சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு மூச்சு வாங்கும். முதல் தட்டில் சேப்பங்கிழங்கும், சேம்பிலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த மாட்டிறைச்சியும். இரண்டாவதில் பன்றி வறுவல். மூன்றாவது தட்டு, முதல் இரண்டில் விட்டுப்போனவற்றுக்காக. பிறகு எழுந்து, நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி கை கழுவப் போவான். அறுபத்திரண்டு கிலோ. பத்து வருடமாக அதே அறுபத்திரண்டு.

நானும் அவனும் நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்கள். பக்கத்து மாங்கெரேயில் அடுத்தடுத்த வீடு. என் வீட்டுக்கு வரும் தமிழ் நண்பர்கள் அவன் உடம்பைப் பார்த்துப் பொறாமையில் பெருமூச்சு விடுவார்கள். அவனுடைய டோங்காத் தீவுச் சனத்திலோ ஒல்லியான புருஷன் என்றால் ஒரே அர்த்தம்தான்: பெண்டாட்டி ஒழுங்காகச் சோறு போடுவதில்லை.

அந்தப் பெண்டாட்டி லூப்பே. அதே பானை, அதே கரண்டி, அவன் சாப்பிடுவதில் பாதிகூட இல்லை. நூற்றுப் பதினைந்து கிலோ. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து இருவரும் சேர்ந்து நடந்து வந்தால் போதும், வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். சாட்சி தேவையில்லை.

வழக்குப் போட்டவர் ஹெனெலியின் அக்கா கலோலைனே. டோங்காக் குடும்பத்தில் அக்காவுக்கு மேல் யாரும் கிடையாது. கல்யாணமோ சாவோ, சீராக வருகிற நல்ல பாயும் கேக்கின் மேலடுக்கும் அவருக்குத்தான் போகும். அவர் பேசினால் தம்பி பெண்டாட்டி எதிர்த்துப் பேசக் கூடாது. வாரம் தவறாமல் அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டோடு வருவார்.

“தம்பி, வயிறாரச் சாப்பிடு. இந்த வீட்டுல சாப்பாடெல்லாம் ஒரே பக்கமா சாயுதுபோல.”

சமையலறையில் லூப்பே பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகத் தேய்ப்பாள். அவ்வளவுதான் செய்ய முடியும்.

இப்படியிருக்க, டாக்டரின் கிளினிக் சுவரில் பல்கலைக்கழகத்தின் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒல்லியான, ஆரோக்கியமான ஆட்கள் தேவை. ஹெனெலி வேடிக்கையாகப் பெயர் கொடுத்தான். ரத்தம், பல், பரம்பரை என்று குடைந்தெடுத்து, வந்தவர்களில் பெரும்பாலோரைத் திருப்பியனுப்பிவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

“உங்க குடல்ல கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கு. ஒருத்தர் சாப்பாட்டை உடம்புல சேர்க்கிறதும் சேர்க்காததும் அதுங்க கையிலயும் இருக்கலாம். உங்களோடதை எடுத்து மாத்திரையில அடைச்சு, குண்டா இருக்கிறவங்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்போறோம்.”

“கொடுத்தா மெலிஞ்சுடுவாங்களா?” என்றாள் லூப்பே.

“எலி மெலிஞ்சுது. மனுஷன் எலி இல்லையே. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்.”

கிருமிகளை எதிலிருந்து எடுப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டுமா? காலைக்கடன் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அது பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நீல ஐஸ்பெட்டி ஒன்று கொடுத்தார்கள். ஹெனெலி அதைக் காரின் முன் சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டுவிடுவான். பின்னால் போலீஸ் வண்டி வந்தால் அவனுக்கு ஒன்றுமில்லை, சிலநாள் கூடப் போகும் எனக்குத்தான் வேர்க்கும். நிறுத்தித் திறந்து காட்டச் சொன்னால் என்ன செய்வது?

பெட்டியைப் பற்றி வேறு யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. காரணம் அக்கா. அக்காவும் தம்பியும் ஒரே அறையில் இருந்தால் உடம்புச் சங்கதி எதையும் வாயில் எடுக்கக் கூடாது. கழிப்பறை என்ற சொல்கூட ஆகாது. நாற்பத்து நான்கு வருடத்தில் அக்கா காதுபட ஹெனெலி தும்மலுக்கு மேல் எதுவும் செய்ததில்லை.

“பல்கலைக்கழகத்துக்கு என்னடா கொடுக்கிற?” என்று, எப்படியோ காதில் விழுந்ததை வைத்து, கலோலைனே ஒருநாள் கேட்டேவிட்டார்.

“ஒரு... உதவிக்கா.”

உதவி என்றால் ரத்தம் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். வினை அங்கே பிடித்தது. சாப்பாடு இல்லாத தம்பியின் ரத்தத்தையும் உறிஞ்சுகிறார்களாம், பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். சர்ச் மாதர் கூட்டத்தில் எழுந்து அறிவித்தார்: சர்ச்சில் பிள்ளைகளுக்கென்று கொண்டாடும் குழந்தைகள் ஞாயிறன்று விருந்து முடிந்ததும் தம்பியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு மாதம் வைத்து உருட்டித் திரட்டி அனுப்பப்போகிறார்.

அன்று லூப்பே போட்ட சத்தம் என் வீட்டு ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது.

“பத்து வருஷமா என்னைத் திருடின்னு சொல்லாம சொல்றாங்க உங்கக்கா. இப்ப ஊரே பார்க்க உன்னைத் தூக்கிட்டுப் போறாங்க. அதுக்குள்ள உண்மை வெளிய வரணும். இல்ல, உன் தலகாணியையும் எடுத்துட்டுப் போ. திரும்பி வராத.”

“அக்காகிட்ட அதை எப்படிடீ...”

“பெட்டியில வைக்கத் தெரியுதில்ல?”

ஹெனெலி போதகரிடம் ஓடினான். போதகர் வேதத்தைப் புரட்டினார். “மகனே, நோவாவோட கப்பல்ல அத்தனை மிருகம் இருந்துது. அப்பவும் வேதம் இந்தச் சங்கதியைத் தொடவே இல்ல. நான் எப்படித் தொடறது?”

அடுத்து என்னிடம் வந்தான். “நீ சொல்லேன். நீ வெளியாளு.”

வெளியாள் என்பதால்தான் முடியாது என்றேன். நான் இந்தத் தெருவில் வாடகைக்கு இருப்பவன்.

குழந்தைகள் ஞாயிறு வந்தது. பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வசனம் ஒப்பித்தார்கள். பிறகு கூடத்தில் விருந்து. ஹெனெலி இரண்டாவது தட்டில் பாதி வந்திருந்தபோது கலோலைனே காலிச் சூட்கேஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“லூப்பே, இதுல அவன் துணியை அடுக்கிக் கொடு. சாப்பாடுன்னா என்னன்னு என் தம்பி உடம்புக்குத் தெரியட்டும்.”

கிழங்குச் சட்டியும் கையுமாக லூப்பே நின்றுவிட்டாள். முகம் சிவந்து கண் தளும்பியது. ஹெனெலி அவளைப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்தான்.

“லூப்பே, நான் வெளியே போறேன். நான் போனதும் அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம.”

அவன் தட்டில் மிச்சம் வைத்ததை அந்தக் கூடம் பார்த்ததே இல்லை. நானும் பின்னாலேயே நழுவினேன்.

கார் நிறுத்துமிடத்தில் அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான். நான்தான் கண்ணாடி வழியே பார்த்துச் சொன்னேன். லூப்பே கையால் ஒரு பெட்டி வரைந்தாள். வயிற்றைத் தொட்டாள். இரண்டு விரலால் ஒரு மாத்திரையைப் பிடித்துக் காட்டினாள். பெண்கள் வாயைப் பொத்தினார்கள். கலோலைனே சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது.

“சிரிக்கிறாங்களா?”

“எல்லாரும்.”

“அக்கா?”

“இல்ல.”

ஹெனெலி கால்சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

லூப்பே பேசியதைப் பிறகுதான் விசாரித்தேன். “என் வயித்துல இருக்கிற கிருமி ஒரு பருக்கையையும் வீணாக்காதுக்கா. அவர் வயித்துல இருக்கிறதெல்லாம் சோம்பேறி. இருக்கலாம்னுதான் நர்ஸ் சொன்னாங்க. அந்த ‘இருக்கலாம்’ எனக்குப் போதும். நான் ஒருநாளும் அவர் சோத்தைத் திங்கல.”

கூடத்தில் கலோலைனே சூட்கேஸை விட்டு எழுந்தார். லூப்பே கையிலிருந்த சட்டியை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார். தலைமேசையில் தன் நாற்காலியை இழுத்து அவளை அதில் உட்காரவைத்து, ஒரு தட்டை எடுத்துத் தன் கையாலேயே பரிமாறினார். சிரிப்பு நின்றது. அக்கா பரிமாறி எந்தத் தம்பி பெண்டாட்டியும் சாப்பிட்டதில்லை.

அப்புறம் வாசலுக்கு வந்தார். தம்பியைப் பார்க்காமல் விளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்:

“சாப்பாடு ஆறுது. உள்ள வா.”

சோதனை முடிவு இன்னும் வரவில்லை. மாத்திரை விழுங்கியவர்கள் மெலிந்தார்களா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் கலோலைனே இப்போது போகிற இடமெல்லாம், “என் தம்பி பல்கலைக்கழகத்துக்கே கொடுக்கிறான்” என்கிறார். என்ன கொடுக்கிறான் என்று யாராவது கேட்டால் கையால் விசிறிக்கொண்டே சொல்கிறார்:

“அதை லூப்பேகிட்ட கேளு. சமைக்கிறவ அவதானே.”