என் முள் சரியாக நின்ற நாள்

எண்பதுகளில், மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரில், ஒரு வாயுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. நைட்ரஜன் சிலிண்டருக்குள் துளி ஆக்ஸிஜன் கலந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. தினமும் காலையில் அதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. முதலில் ஆக்ஸிஜனே இல்லாத சுத்த வாயுவை விட்டு முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்த வேண்டும். பிறகு, எவ்வளவு ஆக்ஸிஜன் என்று முன்பே தெரிந்த வாயுவை விட்டு, முள்ளை அந்த எண்ணில் நிறுத்த வேண்டும். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் ரெகுலேட்டருக்குள் வெளிக்காற்று புகுந்துவிடும். அதை ஊதி வெளியேற்றாமல் அளந்தால் முள் பொய் சொல்லும். பொறுமை வேண்டிய வேலை. என்னைவிடப் பொறுமைசாலி இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதே வேலைக்கு அவன் வரும்வரை.

சுங்கை பாக்காப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். என்னைவிட இளையவன். நான் ஜார்ஜ் டவுனில் ஃபெர்ரி பிடித்து, இக்கரையில் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் கருவியைச் சூடாக்கி வைத்துவிட்டு, "வாங்கண்ணே" என்பான். அந்த மரியாதையே எனக்கு ஆகாது. நான் மல்லுக்கட்டும் முள், அவன் கை பட்டதும் அடங்கி நிற்கும். எங்கள் சீன மேனேஜர் அவன் தோளைத் தட்டுவார். எனக்கு வயிறு எரியும்.

எங்களில் ஒருவரை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு வந்தது. திரும்பி வருபவன்தான் சூப்பர்வைசர். போக வாய்த்தால் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டதை அவன் கேன்டீனில் எல்லாரிடமும் சொன்னான். நானும் அதே முருகனிடம் அதையேதான் வேண்டியிருந்தேன், வெளியே சொல்லவில்லை. இருவரில் மூத்தவன் யார் என்று முருகனுக்குத் தெரியாதா என்ன.

ஒருநாள் மேனேஜர் லேபிள் கிழித்த சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். முதலில் அவன் அளந்து ஓர் எண்ணைச் சொன்னான். பிறகு நான் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி, திரும்பத் திரும்ப ஊதிவிட்டு, நிதானமாக அளந்தேன். என் எண் அவனுடையதைவிட மிகக் குறைவு. உள்ளுக்குள் குதித்தேன்.

மேனேஜர் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "அண்ணன் எண்தான் சரி, நான் அவசரத்தில் ஒழுங்காக ஊதவில்லை, உள்ளே காற்று தங்கியிருக்கும்" என்று மலாயில் சொன்னான். யாரும் அவனைக் கேட்கவில்லை. மேனேஜர் சிலிண்டரின் சான்றிதழைக் காட்டினார். என் எண்ணேதான்.

அடுத்த வாரம் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் தப்பைத் தானே சொல்பவனை நம்பிக் கருவியை ஒப்படைக்கலாம் என்றாராம் மேனேஜர். சரியாக அளந்தவனை நம்பி எதை ஒப்படைக்கலாமாம்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தோற்றுக்கூட என்னை ஜெயிக்கத் தெரிந்தவன் மேல் பொறாமைப்படாமல் வேறு யார் மேல் படுவது?

சூப்பர்வைசராகத் திரும்பி வந்தவன், தைப்பூசத்துக்கு முன் என் எதிரில் வந்து நின்றான்.

"அண்ணே, பால்குடம் எடுக்கணும். நீங்க கூட வாங்க லா. நீங்க இல்லன்னா நான் ஜப்பானுக்கே போயிருக்க மாட்டேன்."

அது உண்மைதான். என் எண்ணைக் கேட்டிராவிட்டால் அவன் தப்பு அவனுக்கே தெரிந்திருக்காது. மறுக்க ஒரு காரணமும் கிடைக்காததால் கூடப் போனேன். தண்ணீர்மலைப் படிகளில் அவன் தலையில் பால்குடம் வெயிலில் மின்னியது. அவன் செருப்புகளை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன்.