பெயர் போட்டுத் தந்த படிவம்

கலியமூர்த்தி சார் காலமான செய்தி, எங்கள் பழைய கம்பெனிக்காரர்களின் வாட்ஸப் குழுவில்தான் எனக்கு முதலில் வந்தது. அந்தக் குழுவில் அவர் என்றுமே இருந்ததில்லை, நாங்கள் சேர்க்கவில்லை. பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த கருக்களாச்சேரி செல்வி குரல் செய்தி போட்டிருந்தாள். "சார் போயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம்."

காரைக்காலில் எங்கள் மருந்துக் கம்பெனியை வெளியூர்க் கம்பெனி ஒன்று தன்னோடு இணைத்துக்கொண்டபோது, பணியாளர் அதிகாரியாக அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். யாரையெல்லாம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்க்க வந்தவர் என்றே நினைத்தோம். அவர் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். "நான் வந்தாதான் எல்லாருக்கும் வேலை ஞாபகம் வருது" என்று சிரித்துக்கொண்டே போவார். நாங்கள் சிரித்ததில்லை.

அவர் வந்த எட்டாம் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஊழியர்கள் மனநிறைவோடு இருக்கிறார்களா என்று இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம் வரை போடலாம். பெயர் எழுத வேண்டாம் என்றிருந்தது. ஆனால் மூலையில் ஏதோ ஓர் எண் இருந்தது. "அது அச்சகத்து நம்பருங்க. உள்ளதைப் போடுங்க" என்று சார் மேசை மேசையாகச் சொன்னார். அவர் நகர்ந்ததும், பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்த நான் மெல்லச் சொன்னேன்: "எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுடுங்கடி." போட்டார்கள். எங்கள் கேன்டீனில் காலைச் சிற்றுண்டியே கிடையாது, அதற்கும் ஐந்து.

அடுத்த மாதம் பாராட்டுக் கடிதமும் ஆளுக்கொரு லட்டும் வந்தன. கூடவே ஓர் உத்தரவு. வேலைக்கு வந்துபோவதில் எவருக்கும் சிரமமில்லை என்று தெரிவதால் பெண்களுக்கான வேன் நிறுத்தப்படுகிறது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பூவத்திலிருந்தோ கருக்களாச்சேரியிலிருந்தோ வர வேறு வழியில்லை. வேன் இல்லையென்றால் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

செல்விதான் நேராகப் போய்க் கேட்டாள். "லட்டு நல்லாருக்குங்க சார். நான் எப்புடி வர்றதுன்னும் சொல்லிடுங்க."

"சிரமமே இல்லைன்னு போட்டீங்களேம்மா?"

"பயத்துல போட்டோம்."

"என்னைப் பாத்தா?"

"பின்ன, லட்டைப் பாத்தா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு படிவம் குத்தியிருந்தது. மேலே அவருடைய பெயரும் பணி எண்ணும். வந்துபோகும் வசதிக்குச் சுழியம். 'மேலதிகாரியிடம் தயங்காமல் பேச முடிகிறதா?' என்பதற்கு ஒரே ஒரு நட்சத்திரம். பக்கத்தில் அவர் கையெழுத்தில், 'இங்கே மேலதிகாரி நான்தான்.'

அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஐந்து போடச் சொன்னது நான்தான் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "தெரியும்மா" என்றார். "உங்க இடத்துல இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உக்காருங்க." அங்கேயே ஒரு புதுப் படிவம் வாங்கி என் பெயரை எழுதினேன். சாயங்காலத்துக்குள் பிரிவு முழுக்கப் பெயர் போட்டுத் தந்துவிட்டது.

தலைமை அலுவலகம் அவரைத் தொலைபேசியில் காய்ச்சியது. அவர் பேசியது மட்டும் வெளியே கேட்டது. "ஆமாங்க சார், அதையும் இவங்கதான் எழுதினாங்க. இதையும் இவங்கதான் எழுதியிருக்காங்க. இதுல பேர் இருக்கு."

மூன்று வாரம் கழித்து வேன் வந்தது. அதற்குள் பூவத்துப் பெண்கள் இருவர் வேலையை விட்டிருந்தார்கள். நாங்கள் கைதட்டியபோது சார், "ரெண்டு சீட்டு காலியா வருதும்மா" என்றார். ஓய்வு பெறும்வரை அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. அந்த இரண்டு பேரைப் பற்றிப் பேசுவார்.

இன்று அவருடைய நாற்காலியில் நான் இருக்கிறேன். அவருடைய துணிச்சல் எனக்கு வந்துவிட்டது என்று சொன்னால் பொய். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பழக்கத்தைத்தான்: படிவம் வந்தால் என்னுடையதை முதலில், பெயரோடு, பலகையில் குத்திவிடுவேன். போன வருடம் அந்த மேலதிகாரிக் கேள்விக்கு இரண்டு நட்சத்திரம் போட்டேன். அன்று மாலை மூன்று பெண்கள் என் அறைக்கு வந்தார்கள். முக்கால் மணி நேரம், என்னைப் பற்றி என் முகத்துக்கு நேராகவே குறை சொன்னார்கள். அவர்கள் போன பிறகு அழுகை வந்தது. சாருக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உக்காந்து பேசினாங்களா, நின்னுக்கிட்டா?" என்றார்.

"உக்காந்துதாங்க சார்."

"அப்ப நல்லாத்தாம்மா இருக்கீங்க."