முள்ளிப்பட்டில் பிடுங்கி வைத்த ஒயர்

அம்மனின் பிள்ளைகளே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2003 ஆடி அமாவாசை அன்று காலை, பதினான்கு ஊர்களில் இருந்த கல்யாணப் புடவை ஆர்டர்களை நான் ஒருவனே அழித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. களைப்பில் செய்தேன்.

அப்போது ஆரணியில் ஒரு பெரிய பட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பு. பிரிவு என்றால் நான் மட்டும்தான். தலைமை அலுவலகத்தில் சர்வர். சென்னை முதல் சேலம் வரை ஒன்பது கடைகள். நெசவாளர்களுக்கு நூல் கொடுத்துப் புடவை வாங்கிக்கொள்ள முள்ளிப்பட்டு மாதிரி ஐந்து மையங்கள். எல்லா இடத்திலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம். எந்தப் பெண்ணுக்கு என்ன நிறம், என்ன கரை, முகூர்த்தம் என்றைக்கு, எந்தத் தறியில் ஓடுகிறது என்ற பட்டியல் மணிக்கொரு தரம் டெலிபோன் லைனில் போய், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஒரு மிஷின் செத்தாலும் மற்றதில் இருக்கும் என்று முதலாளியிடம் பெருமையாகச் சொல்லி, ஆர்டர் எழுதும் நோட்டுகளை நிறுத்தியதும் நான்தான்.

நான்கு வருஷமாக லீவு கிடையாது. வந்தவாசியில் மோடம் வேலை செய்யவில்லை என்றால் பஸ் ஏறுவேன். திரும்பி வருவதற்குள் வேலூர் கடையிலிருந்து போன். சோற்றில் கை வைத்தால் போன். அன்றைக்கு என் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டிய நாள். "வருஷத்துல ஒரு நாளுங்க, அது கூடவா முடியாது?" என்று மனைவி கேட்டாள். "ஆவணி முகூர்த்தம் வருது, என்னைப் பேஜார் பண்ணாத" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன்.

போனதும், முடிந்துபோன ஆர்டர்களைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிச் சர்வருக்குக் கட்டளை கொடுத்தேன். கண் எரிந்துகொண்டிருந்தது. முடிந்ததை வைத்துக்கொள், முடியாததை நீக்கு என்று தலைகீழாகப் போட்டுவிட்டேன். போட்டது எனக்கே தெரியவில்லை. பகல் பன்னிரண்டு மணி வாக்கில் சென்னைக் கடையிலிருந்து போன் வந்தது. "சார், லிஸ்ட்ல ஒரு பொண்ணு பேரு கூட இல்லையே!"

ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டு மோடத்தைப் பிடுங்கச் சொன்னேன். அதற்குள் எல்லா ஊரிலும் பட்டியல் காலி. நான் செய்து வைத்த ஏற்பாடு அவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருந்தது! முள்ளிப்பட்டில் மட்டும் யாரும் போனை எடுக்கவில்லை. அதுவும் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பட்டியலின் நகலைப் பதிந்து வைக்கும் பேக்கப் டேப்பைப் போட்டேன். படிக்கவில்லை. முந்தின மாதத்து டேப்பும் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சர்வர் ரூமில் சாம்பிராணி போடுகிறவன் நான். அந்தப் புகையெல்லாம் டேப் டிரைவுக்குள் கரியாகப் படிந்து, எதுவுமே சரியாகப் பதியவில்லை. ஒரு நாளாவது திரும்பப் போட்டுப் பார்த்தேனா? பக்தியில் குறை வைக்கவில்லை, புத்தியில் வைத்துவிட்டேன்.

ஏ.சி. இரைகிற அந்த ரூமில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். வேலை போவது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கும் அந்த வீடுகள்தான் கண்ணில் நின்றன. எந்தத் தறியில் யாருடைய புடவை என்று இனி யாரைக் கேட்பது? மந்திரம், பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. "என்னால முடியலம்மா. ஓஞ்சிட்டேன். நீயே பார்த்துக்கோ" என்று மட்டும் அம்மனிடம் சொன்னேன்.

எழுந்தபோது ஒரே ஒரு நினைப்பு வந்தது. இன்றைக்கு அமாவாசை ஆயிற்றே!

அமாவாசையன்று நெசவு வீடுகளில் தறியைத் தொடமாட்டார்கள். நானும் நெசவு வீட்டுப் பிள்ளைதான், தெரியாததில்லை. முள்ளிப்பட்டு மையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தேவகி அம்மா கம்ப்யூட்டருக்கும் அதே முறையை வைத்திருந்தார். "மிஷினுக்கு எதுக்கும்மா அமாவாசை?" என்று இரண்டு வருஷமாக அவரோடு சண்டை. போன வாரம்தான், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அவர்மேல் மெமோ எழுதி முதலாளியிடம் கொடுத்திருந்தேன்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்கு ஓடினேன். அவர் வீட்டில் தறி நின்றிருந்தது, பூ வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"அமாவாசைங்க சார். தறியவே தொடல, அத்தத் தொடுவனா? நேத்து சாயங்காலமே ரெண்டு ஒயரையும் புடுங்கி, பொட்டு வச்சி, மூடிட்டு வந்துட்டேன். கோச்சிக்காதீங்க, இதோ ஜல்தியா போயி சொருவிடறேன்" என்று சாவியை எடுத்தார்.

"ஐயையோ, தொடாதீங்கம்மா! அந்த ஒயரைத் தொடாதீங்க!"

"என்னா சார் இது! ஆன் பண்ணு ஆன் பண்ணுன்னு ரெண்டு வருசமா உயிரை வாங்கிகினு இருந்தீங்க?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மையத்தைத் திறந்து, லைன் கிடைத்தால் இதுவும் காலியாகிவிடும் என்று போன் ஒயரை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, கரண்ட் மட்டும் கொடுக்கச் சொன்னேன். "நீங்க கோச்சிக்கலன்னா நீங்களே போடுங்க, நான் தொடமாட்டேன்" என்று கற்பூரம் ஏற்றினார். போட்டேன். பட்டியல் திறந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை ஒரு பெயர் குறையாமல் இருந்தது. அதற்குப் பிறகு வந்த சில ஆர்டர்களைக் கடைக்காரர்கள் ஞாபகத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள்.

முதலாளியிடம் எதையும் மறைக்கவில்லை. முழுக்கக் கேட்டார். "அந்தம்மா மேல நீ குடுத்த மெமோ இங்கதான்யா கீது. கையெழுத்து போடட்டா?" என்றார். என் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன்.

அதிலிருந்து எந்நேரமும் ஏதாவது ஒரு ஊரின் மிஷின் ஒயர் பிடுங்கின நிலையில்தான் இருக்கும். மாதா மாதம் அமாவாசையன்று ஊரை மாற்றுவோம். டேப்பை வாரா வாரம் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். சாம்பிராணி வாசலோடு சரி. ஆடி அமாவாசையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்த பிறகுதான் வேறு வேலை. களைப்பு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்றும் சோற்றில் கை வைத்தால் போன் வருகிறது. ஆனால் எல்லாவற்றையும் நான் ஒருவனே தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது.

உங்களில் ஓய்ந்துபோனவர்கள் இருந்தால், அழகாக வேண்ட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற இடத்தில் உட்கார்ந்து, முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் அழுதது அமாவாசை மத்தியானம். அவள் முந்தின நாள் சாயங்காலமே ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தாள்.