பாண் ஆட்டோவின் பாட்டு

குளவிக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. பாண் ஆட்டோவின் பாட்டுக்குத்தான் பயந்தேன். கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று இன்றைக்கும் பாதி வழியில் திரும்பி வருகிற எனக்கே இது கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.

அப்போது எனக்கு ஏழு வயது. கலவானப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சனிக்கிழமை காலை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் குடிக்கச் சாயத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருந்தேன். "குளவி! படுங்க!" என்று யாரோ கத்தினார்கள். அம்மா இடுப்பில் கட்டியிருந்த கனத்த படங்குத் துணியை உருவி என்மேல் போர்த்தி, அதன்மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு கொட்டுகூட இல்லை. படங்குக்குள் இருட்டு, ஒரு குளவியையும் நான் பார்க்கவில்லை. கீழே ரோட்டில் பாண், பணிஸ் என்று பேக்கரிச் சாமான் விற்கிற ஆட்டோ நின்றது. ஆட்களைக் கூப்பிட அது ஓயாமல் போடுகிற பாட்டுத்தான், அம்மாவின் முனகலோடு சேர்ந்து என் காதில் விழுந்தது.

அம்மா ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு தூரத்தில் அந்தப் பாட்டுக் கேட்டாலே நான் கட்டிலுக்கடியில் இருப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரோட்டில்தான் ஆட்டோவும் வரும் என்பதால் பள்ளிக்கூடமும் நின்றது. இப்படியே போனால் பேரை வெட்டிவிடுவோம் என்று டீச்சர் சொல்லியனுப்பினார்.

அப்பா ஆட்டோக்காரரை மறித்து, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் பக்கம் பாட்டை நிறுத்தச் சொன்னார். அவர் சிங்களவர், இளகிய மனுஷர், ஒத்துக்கொண்டார். பாட்டில்லாத ஆட்டோ வந்ததும் யாருக்கும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை வாசலில் வந்து நின்றார்.

"ஏன் அண்ணே, ஒங்க மக பயப்படுறான்னு லயமே விடிய எந்திரிச்சு ரொட்டி சுடணுமா?"

"சின்னப் புள்ளதானே..." என்றார் அப்பா.

"குளவிக்குப் பயந்தா சரி. பாணுக்குமா?"

உள்ளே படுத்திருந்த அம்மாவின் முகத்தில் இன்னும் வீக்கம் வடியவில்லை. "பாட்டப் போடச் சொல்லுங்க. நான் புள்ளயக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு லயத்து மூலையில் நின்றார். பாட்டு வந்தது, போனது. நாங்கள் திரும்பி வந்தோம். அடுத்த நாள் கொய்யா மரம் வரைக்கும். பிறகு படிக்கட்டு, பிறகு ரோடு. பத்தாம் நாளோ என்னவோ, ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே போய்விட்டோம். கோத்திருந்த கை உதறிக்கொண்டே இருந்தது.

"பயம் வேணாம் மகள், உள்ளுக்குப் பாண் மட்டும்தான்" என்று சிரித்த ஆட்டோக்காரர், முதலை மாதிரி இருக்கும் கிம்புளா பணிஸ் ஒன்றை நீட்டினார். தின்றேன். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். எட்டாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் வேறு. பாண் ஆட்டோவைக் குறை சொல்ல முடியாது.

போன வருஷம் நெஞ்சுப் படபடப்புக்காக இரத்தினபுரியில் ஒரு டொக்டரம்மாவிடம் போனேன். பேச்சோடு பேச்சாக இந்தக் கதையையும் சொன்னேன். "உசிருக்கு ஆபத்துன்னா ஒடம்புல அட்ரினலின்னு ஒண்ணு சுரக்கும். அந்த நேரம் காதுல விழுந்தது, மூக்குக்குப் பட்டது எல்லாத்தையும் மூளை ஆழமாப் பதிஞ்சு வச்சிரும். எது கொட்டுச்சு, எது சும்மா நின்னு பாடுச்சுன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்காது" என்றார். அம்மா செய்ததுதான் சரியான வைத்தியமாம். ஒன்றும் நடக்காமலே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மூளை புதிதாக ஒன்றைப் படித்துக்கொள்ளுமாம். பழையது அழியாது, அடியில் கிடக்குமாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். அன்றைக்குக் கொட்டு வாங்கியது நானில்லை. அதே பாட்டு அம்மாவின் காதிலும்தான் விழுந்திருக்கும்.

உதறியது என்னுடைய கை என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.